பழமும் சாறும்

நல்ல பொருள் எந்த உருவத்தில் வந்தாலும் நல்லதுதானா? வேதாந்த விசாரம் போலத் தோன்றும் இந்தக் கேள்வியை இப்போது வைத்திய சாஸ்திரம் ஒரு சாத்துக்குடியை வைத்துக்கொண்டு கேட்கிறது.

பழத்தின் சர்க்கரையில் குளுகோஸ் என்ற பங்கை உடம்பு முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. ஃபிரக்டோஸ் என்ற பங்கோ பெரும்பாலும் கல்லீரலின் தலையில்தான் விழுகிறது. கொஞ்சமாக, மெதுவாக வந்தால் அது சமாளித்துவிடும். மொத்தமாகவும் தினந்தோறும் வந்தால், மிஞ்சியதைக் கொழுப்பாக்கித் தன்னிடமே முடக்கிக்கொள்ளும். சுளை சுளையாகத் தின்பவன் இரண்டாவது பழத்திலேயே போதும் என்பான். நாலு பழத்தைப் பிழிந்து தம்ளரில் நீட்டினால் மூன்று மடக்கில் காரியம் முடிந்துவிடும். போதாததற்கு மேலே இரண்டு கரண்டி சீனி வேறு! உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட நெறிமுறையில் பழச்சாற்றின் சர்க்கரையைச் சீனியோடும் தேனோடும் ஒரே பந்தியில் உட்கார வைத்தது. முழுப் பழத்தின் சர்க்கரையை அந்தப் பந்தியில் சேர்க்கவில்லை. சக்கை என்று நாம் எறிந்ததுதான் பழத்துக்குக் காவலாக இருந்திருக்கிறது.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. 1980-ல் அமெரிக்காவில், மேயோ கிளினிக்கைச் சேர்ந்த லுட்விக் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஈரலைப் பார்த்தால் குடிகாரனின் ஈரல். அவர்களோ குடிகாரர்கள் அல்லர். பெரும்பாலோர் பருத்த உடம்புக்காரர்கள். அதற்கு முன்னால் அப்படி ஒரு மனிதர், "நான் தொட்டதே கிடையாது" என்று சத்தியம் செய்திருந்தால், டாக்டர் இருக்கட்டும், சொந்த மனைவி நம்பியிருப்பாளா? 2023-ல் அந்த நோயின் பெயரையே மாற்றிவிட்டார்கள். பழைய பெயரில் இருந்த 'மது', 'கொழுப்பு' என்ற சொற்கள் நோயாளிகளைக் கூசவைத்தன என்பதும் அதற்கு ஒரு காரணம். சாறு ஒன்றே அந்த நோய்க்குக் காரணமல்ல. உடற்பருமன், பரம்பரை, அசையாத வாழ்க்கை எல்லாமே சேருகின்றன. ஆனாலும் பாட்டிலில் இருப்பதைப் பாவம் என்றும் தம்ளரில் இருப்பதைப் புண்ணியம் என்றும் பிரித்த நம் கணக்கு ஈரலுக்குத் தெரியாது. அது வலியென்று முனகுவதும் அநேகமாக இல்லை. சொல்லாமல் சுமக்கிறவர்கள் மீது மேலும் மேலும் ஏற்றுவது நம் குடும்பங்களில் புதிதா என்ன?

அன்போடு கொடுத்தோமே, அதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். குழந்தை மறுக்க மறுக்கச் சாற்றைப் புகட்டும் தாயின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எண்ணம் சுத்தமாயிருந்தால் விளைவுக்குப் பொறுப்பில்லை என்ற வாதம் எனக்குச் சம்மதமில்லை. கொடுப்பதை அறிந்து கொடுப்பதும் அன்பின் வேலைதான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இப்போதும் நான் சாத்துக்குடிதான் வாங்கிப் போகிறேன். மெல்ல முடியாதவர்களுக்கு டாக்டர் சொல்வது தனி விஷயம். மற்றவர்களுக்கு உரித்தே கொடுக்கிறேன். தோலை உரித்து, நார் நீக்கி, விதை எடுக்க நேரமாகிறது. அதற்குள் நோயாளி பேச ஆரம்பித்துவிடுகிறார்.