காற்று யாருக்குச் சொந்தம்?

(ஓய்வுநிலை எழுதுவினைஞர், ஆலய அறங்காவலர் சபை உறுப்பினர்)

நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம் என்னும் ஐம்பூதங்களால் ஆனது இவ்வுலகம் என்பதும், அவ்வைந்தினுள்ளும் இறைவன் நிறைந்து நிற்கின்றான் என்பதும் எமது சமயம் காட்டும் உண்மையாகும். இவற்றுள் நிலத்தை நாம் அளந்து வேலி போடுகின்றோம். நீரை அணை கட்டி மறித்து, வாய்க்கால் வெட்டிப் பங்கிடுகின்றோம். நெருப்பை அடுப்புக்குள்ளும் விளக்குக்குள்ளும் அடக்கி வைத்திருக்கின்றோம். ஆகாயத்துக்குக்கூட இன்று நாடுகள் எல்லை வகுத்துவிட்டன. காற்று ஒன்றுதான் எவருடைய உறுதியிலும் எழுதப்படாமல் இருக்கின்றது.

அடியேன் அரச சேவையில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தவன். அதிற் பெரும்பகுதி காணி சம்பந்தமான கோவைகளோடு கழிந்தது. வடக்கே யார் காணி, தெற்கே எந்த ஒழுங்கை, கிழக்கே எந்த மரம் என்று எழுதி எழுதிக் கை தேய்ந்தது. அத்தனை கோவைகளிலும் காற்றுக்கென ஒரு கோவையைக் கண்டதில்லை. ஆகவே ஒரு கேள்வி. எவருக்கும் உறுதி இல்லாத ஒரு பொருள் யாருக்கும் சொந்தமில்லாததா? அல்லது எல்லாருக்கும் சொந்தமானதா?

இது பொழுதுபோக்குக்கான கேள்வி அன்று. சென்ற வருடாந்தப் பொதுக்கூட்டத்திற்கு வந்திருந்தோர் அறிவர். எமது ஆலயத்தின் பின்புறமுள்ள தரவையை முட்கம்பி வேலியிட்டு அடைத்துக் குத்தகைக்குக் கொடுக்கலாம் என்ற பிரேரணை அன்று முன்வைக்கப்பட்டது. முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. தலைமுறை தலைமுறையாக எமது ஊர் மாடுகளும், அயலூர் இஸ்லாமிய சகோதரர்களின் மாடுகளும் அந்தத் தரவையிலேதான் மேய்கின்றன. தரவை என்பது எமது பகுதியில் வழங்கும் அழகிய சொல். கல்முனையிலே பிள்ளையாரையே தரவைப் பிள்ளையார் என்று அழைக்கின்றோம் அல்லவா?

அந்த நாட்களில் என் பேரன் தனது கைத்தொலைபேசியில் ஒரு விவரணப்படத்தைக் காட்டினான். இந்தியாவின் லடாக் பகுதியில் வாழும் சாங்பா என்னும் நாடோடி மக்களைப் பற்றியது அது. பின்னர் அவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததில் எமக்கும் பாடம் இருப்பதாகத் தோன்றியதால் இங்கே பகிர்கின்றேன்.

இமயமலைக்கு அப்பால், கடல் மட்டத்திலிருந்து 4,000 மீற்றருக்கும் மேலே, சாங்தாங் என்னும் பெரும் புல்வெளி கிடக்கின்றது. அதன் பெரும்பகுதி திபெத்திலும் ஒரு பகுதி கிழக்கு லடாக்கிலும் உள்ளது. அங்கே மரம் இல்லை. மறைப்பு இல்லை. குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே 30 பாகைக்கும் அப்பால் குளிர் இறங்கும். எந்நேரமும் காற்று. அந்த வெளியிலே சாங்பா மக்கள் வெள்ளாடு, செம்மறி, யாக் எனப்படும் சடை எருமை ஆகியவற்றை மேய்த்து, யாக் மயிரால் நெய்த ரெபோ என்னும் கூடாரத்தில் வாழ்கின்றார்கள். புல் முடிந்தால் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள். உலகெங்கும் பெரும் விலைக்குப் போகின்ற பஷ்மினா சால்வைக்குரிய மெல்லிய மயிர் அவர்களுடைய வெள்ளாடுகளிலிருந்தே கிடைக்கின்றது. அந்தக் கடுங்குளிரும் காற்றும் இருப்பதனால்தான் ஆட்டின் உடம்பில் அந்த மென்மயிர் முளைக்கின்றது. அவர்களை வாட்டுகின்ற காற்றுத்தான் அவர்களுக்குச் சோறும் போடுகின்றது.

சாங்பா மக்கள் பௌத்தர்கள். மலைக் கணவாய்களிலும் கூடாரங்களிலும் நிறநிறமான துணிக்கொடிகளைக் கட்டுவார்கள். நீலம் ஆகாயம், வெள்ளை காற்று, சிவப்பு நெருப்பு, பச்சை நீர், மஞ்சள் நிலம். பாருங்கள், எமது ஐம்பூதங்களே அங்கும் கொடியாகப் பறக்கின்றன! அந்தக் கொடிகளிலே மந்திரங்களுடன் முதுகில் இரத்தினம் சுமந்த ஒரு குதிரை அச்சிடப்பட்டிருக்கும். அதன் பெயர் லுங்தா. லுங் என்றால் காற்று, தா என்றால் குதிரை. காற்றுக்குதிரை! ஒருவனுடைய ஊக்கத்தையும் நல்ல காலத்தையும்கூட அவர்கள் அதே பெயரால் அழைக்கின்றார்கள்.

இதைப் படித்தபோது எனக்குத் திருமூல நாயனாரின் நினைவு வந்தது. திருமந்திரத்தின் பிராணாயாமப் பகுதியில் அவர் மூச்சுக்காற்றைக் குதிரையாகவே உருவகித்திருக்கின்றார். வாசி என்ற சொல்லுக்கு மூச்சு என்றும் குதிரை என்றும் இரு பொருளும் தமிழில் உண்டு. எங்கேயோ இருக்கின்ற ஆட்டு மேய்ப்பரும் எமது சித்தரும் ஒரே குதிரையைக் கண்டிருக்கின்றார்கள். ஐம்பூதத் தலங்களுள் வாயுத் தலமாகிய திருக்காளத்தியிலே ஏடறியாத வேடராகிய கண்ணப்ப நாயனார் இறைவனைக் கண்டார் என்பதையும் இங்கே நினைவு கூரலாம். காட்டிலும் வெளியிலும் திரிகின்ற மக்களுக்கு இறைவன் தூரமானவன் அல்லன்.

அந்தக் கொடியைக் கட்டுபவரின் எண்ணம் என்ன? காற்று கொடியைத் தொட்டு எங்கெங்கு வீசுகின்றதோ அங்குள்ள எல்லா உயிர்களுக்கும் நன்மை சேரட்டும் என்பதே. அது என் குடும்பத்துக்கு மட்டும், என் பட்டிக்கு மட்டும் என்று கேட்பதன்று. அப்படிக் கேட்டாலும் காற்று கேட்காது. வெயிலிலும் பனியிலும் கொடி நிறம் மங்கி, நைந்து போகும். அதைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதில்லை. புதுவருடத்தில் பழைய கொடிக்குப் பக்கத்திலேயே புதிய கொடியைக் கட்டுவார்கள். கட்டியவர் பெயர் அதிலே நிலைத்து நிற்பதில்லை. எமது உபயக் கல்வெட்டுக்களில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று நாம் படுகின்ற பாட்டை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அப்படியாயின் அவர்கள் எல்லாவற்றையும் காற்றில் விட்டவர்களா? அப்படியன்று. இதுதான் முக்கியமான இடம். அந்தப் புல்வெளி தனியொருவரின் உடைமை அன்று. ஆனால் நினைத்தவர் நினைத்தபடி மேய்க்கவும் முடியாது. கோபா எனப்படும் ஊர்த்தலைவர் ஊராரோடு கலந்து பேசி, எந்தக் குடும்பம் எந்தப் பக்கம் எப்போது போகவேண்டும் என்று தீர்மானிப்பார். மேய்ந்த இடம் மறுபடி முளைக்கும்வரை ஓய்வு பெறும். பொதுவானது என்பதற்காகவே அதற்கு ஒழுங்கும் காவலும் இருக்கின்றன.

அவர்களுக்கும் துன்பம் வந்தது. 1962ஆம் ஆண்டு இந்திய - சீனப் போரின் பின் எல்லை இறுகிவிட்டது. திபெத் பக்கம் போய்வந்த மேய்ச்சலும் உப்பு வணிகமும் நின்றுபோயின. பல குடும்பங்கள் மந்தைகளை விற்றுவிட்டு லே நகருக்கு அருகிலே குடியேறிவிட்டன. கொடி தொட்ட காற்று எல்லை தாண்டிப் போகின்றது. கொடி கட்டியவன் போக முடிவதில்லை.

இந்த இடத்தில் என் மனதை நெடுநாளாக அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சேவையில் சேர்ந்த ஆரம்ப காலத்தில் பட்டிக்காரர் இருவர் ஒரு மனுவோடு என் மேசைக்கு வந்தார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் வயதான இஸ்லாமியர். மனுவின் அடியில் ஒரு கையொப்பமும் ஒரு பெருவிரல் அடையாளமும் இருந்தன. விதைப்புக் காலத்தில் மாடுகளைக் கொண்டுபோகும் மேய்ச்சல் தரையைச் சிலர் வேலி போட்டு அடைக்கின்றார்கள் என்பது முறைப்பாடு. "உறுதி இருக்கா காக்கா? நிலஅளவைப் படம் இருக்கா?" என்று கேட்டேன். அந்தப் பெரியவர் கோபப்படவில்லை. "மாட்டுக்கு உறுதி தெரியா மகன். புல்லு இருக்கிற இடந்தான் தெரியும்" என்றார்.

நான் மனுவைக் கோவையில் இட்டேன். படம் இல்லை, ஆதலால் நடவடிக்கை இல்லை என்று குறிப்பும் எழுதினேன். விதிப்படி அது பிழையன்று. ஆனால் உறுதி இல்லாதது யாருக்கும் சொந்தமில்லாதது என்று அன்று நான் எடுத்த எடுப்பில் முடிவு செய்துவிட்டேன். எல்லாருக்கும் சொந்தமானதாக இருக்கலாமே என்று எண்ணிப் பார்க்கவில்லை. மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர்கள் மறுபடி வரவுமில்லை. வட்டமடு மேய்ச்சல் தரையைப் பற்றி மாடு வளர்ப்போருக்கும் வேளாண்மை செய்வோருக்கும் இடையில் நடந்த நீண்ட பிணக்கைப் பத்திரிகைகளில் படித்தபோதெல்லாம் அந்தப் பெருவிரல் அடையாளம் என் கண்முன் வந்தது.

காற்று எல்லாருக்கும் பொது என்று சொல்லும்போது அதை வெறும் இனிமையாகவும் சொல்லிவிடக் கூடாது. கச்சான் காற்றில் நெல் தூற்றியவர்களும், வாடைக்காற்றில் தோணியைக் கரையேற்றி வைத்துக் காத்திருப்பவர்களும் நாம். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவையும் கண்டவர்கள். அந்தச் சூறாவளியில் கிழக்கு மாகாணத்தில் ஏறக்குறைய 900 பேர் உயிரிழந்தனர். தென்னந்தோப்புக்கள் வேரோடு சாய்ந்தன. அப்போது நான் பாடசாலை மாணவன். எமது கிடுகு வீட்டின் கூரை முதல் மணித்தியாலத்திலேயே போய்விட்டது. அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொள்ள, நாங்கள் இருட்டில் ஓடி ஒதுங்கியது அயலூர் முஸ்லிம் பெரியவர் ஒருவரின் கல்வீட்டிலே. யார், எவர் என்று எவரும் கேட்கவில்லை. விடியும்வரை அந்த வீட்டில் ஒரு மூலையில் தேவாரமும் மறுமூலையில் ஓதலும் கேட்டுக்கொண்டே இருந்தன.

அன்று காற்று எல்லார்மீதும் ஒரேமாதிரித்தான் வீசியது. ஆனால் சேதம் ஒரேமாதிரி விழவில்லை. கிடுகு வீடு போயிற்று, கல்வீடு நின்றது. காற்றுக்குப் பாரபட்சம் இல்லை. அதுபோலவே அதற்கு நீதியும் தெரியாது. கதவைத் திறந்தது காற்று அன்று, ஒரு மனிதனின் கை. பொதுவாக இறைவன் தந்ததை அறத்தோடு பங்கிடுவது மனிதனின் கடமை என்பதை அன்றிரவு கண்டேன். ஆனால் அது எனக்கு விளங்க நாற்பது ஆண்டுகள் சென்றன.

இனி எமது தரவைக்கு வருவோம். வேலி வேண்டும் என்போரின் கருத்தையும் நான் மதிக்கின்றேன். ஆலயத்துக்கு வருமானம் தேவை. நித்திய பூசைக்கும் திருத்த வேலைக்கும் பணம் வேண்டும். திறந்து கிடக்கின்ற காணி களவாகப் பிடிக்கப்படும் என்ற பயமும் நியாயமானதே. காணிக் கோவைகளைப் பார்த்த எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆயினும் சிவன் சொத்து குலநாசம் என்று எமது முன்னோர் சொன்னதன் பொருள் என்ன? அது நாம் எடுத்தாள்வதற்கு உரியதன்று என்பதுதானே. அறங்காவலர் என்ற பெயரிலேயே விடை இருக்கின்றது. நாம் காணியின் உடைமையாளர் அல்லர், அறத்தின் காவலர். சாங்பா மக்களின் கோபாவும் அத்தகைய காவலரே.

ஆகவே என் கருத்து இதுதான். எல்லைக்கல் வேண்டும், முள்வேலி வேண்டாம். தரவையை முறையாக அளந்து, படம் வரைந்து, நான்கு மூலையிலும் கல் நாட்டுவோம். அன்று நான் அந்தப் பெரியவரிடம் கேட்ட படத்தை இன்று நாமே அவருடைய பேரப்பிள்ளைகளுக்காக வரைந்து வைப்போம். கல் இருந்தால் களவு போகாது. வேலி இல்லாவிட்டால் மாடும் போகும், காற்றும் போகும். மேய்ச்சலுக்குரிய ஒழுங்கை இரு ஊர்ப் பட்டிக்காரரையும் அழைத்து, கூடிப் பேசித் தீர்மானிப்போம். வருமானத்துக்கு வேறு வழி தேடுவோம்; தேடினால் கிடைக்கும்.

தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்த மண் இது. இடையிலே வந்த கசப்புக்களை நான் மறைக்கவில்லை. இரு பக்கத்திலும் இழந்தவர்கள் இருக்கின்றார்கள். ஆயினும் எமது பிள்ளையாரின் மூஷிகக் கொடி ஏறும்போதும், கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பேரில் கொடி ஏறும்போதும், இரண்டையும் அசைப்பது ஒரே கடற்காற்றுத்தான். கோயில் மணியோசையையும் பள்ளிவாசல் பாங்கோசையையும் அதே காற்றுத்தான் வீடு வீடாகக் கொண்டு சேர்க்கின்றது.

இவ்வருடம் கொடியேற்றத்தின்போது கொடிமரத்தடியில் நிற்கும் ஒவ்வொருவரும், உங்கள் குடும்பத்துக்காக வேண்டிய பின்னர், உபயப் பட்டியலில் பெயர் இல்லாத ஒருவருக்காகவும் ஒரு கணம் வேண்டிக்கொள்ளுங்கள். அந்த வேண்டுதலைக் காற்று எடுத்துச் செல்லட்டும். விக்கினம் தீர்க்கும் விநாயகப் பெருமானின் திருவருள் எல்லா உயிர்களுக்கும் கிட்டப் பிரார்த்திக்கின்றேன்.

சுபம்.