கைகட்டி, வாய்பொத்தி

ஆசிரியர் வெளியே போனதும் கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கோடு விழும். அதன் தலையில் 'பேசியவர்கள்' என்று எழுதப்படும். பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறும். அடங்காதவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, மேலும் பேசினால் இன்னொன்று. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஒரு கிராமப் பள்ளியில், ஏழாம் வகுப்பு முழுக்க அந்தச் சாக்பீஸ் என் கையில் இருந்தது. பெரிய வீட்டுப் பையன் எவ்வளவு பேசினாலும் அவன் பெயரை எழுதக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, எப்படியோ தெரிந்திருந்தது.

உடலுக்கோ மனத்துக்கோ வலி தரும் தண்டனையைத் தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இலேயே விலக்கிவிட்டது. 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதையே நாட்டுக்கெல்லாம் சொன்னது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், இதற்கான வழிகாட்டுதல்களைப் பள்ளிகளில் செயல்படுத்தும்படி மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. ஒழிந்துபோன ஒன்றை இத்தனை முறை ஒழிப்பது நமக்குப் புதிதில்லை. பிரம்பு போய் மர ஸ்கேல் வந்திருக்கிறது. கணக்குப் பாடத்துக்கும் தேவைப்படுகிற பொருள் என்பதால் மேசைமேல் கூச்சமின்றிக் கிடக்கிறது.

ஆசிரியரை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் நகர முடியாது. "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க சார்" என்று வகுப்பு வாசலில் நின்று சொல்லும் தகப்பன் கொடுமைக்காரர் அல்லர். சூளையிலோ கரும்பு வெட்டிலோ ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர். அடிபட்டாவது மகன் தன்னைப் போல ஆகாமலிருக்கட்டும் என்று நினைப்பவர். இரண்டு வகுப்புகளை ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு அந்த அனுமதி ஒரு வரம் போலத்தான் இருக்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் இல்லத்தில் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை நடத்தினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துக்குப் போயிற்று. கற்பித்தல் அங்கே போக, கண்காணிப்பை நாம் வைத்துக்கொண்டோம் போலும்.

'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்ற கட்டளையை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தவர்கள். ஊர்ப் பெரியவர் முன்னால் யார் யார் கைகட்டி வாய்பொத்தி நின்றார்கள் என்பதும் இந்த வட்டாரத்துக்குத் தெரியும். அந்த நிலையிலிருந்து விடுபடத்தான் பள்ளிக்கு அனுப்பினோம். பள்ளியில் முதலில் பழக்கியதும் அதே நிலையைத்தான். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் கரும்பலகை பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி சுவரில் கீழே இறங்கியது. ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார். அப்போது நம்மில் பலர் கவலையோடு கேட்டது, ஏன் இவ்வளவு சத்தம் என்பதைத்தான். அமைதியான வகுப்பை நல்ல வகுப்பென்று மதிக்கும் கண்ணுக்கு, பயந்த பிள்ளையும் படிக்கிற பிள்ளையும் ஒன்றாகத்தான் தெரிவார்கள்.

என் வகுப்பில் இருளர் குடியிருப்பிலிருந்து வந்த ஒருவன் கடைசி வரிசையில், சுவரை ஒட்டி உட்கார்ந்திருப்பான். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், அவ்வளவுதான். ஆண்டு முழுக்க அவன் பெயரை நான் கரும்பலகையில் எழுத நேரவே இல்லை. ஒழுக்கமான பையன் என்று ஆசிரியரும் சொல்லியிருக்கிறார். அரையாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. அதை நாங்கள் கவனிக்கவே சில நாட்கள் ஆயின.