சுவரில் ஒரு பெயர்

லண்டனில் ஹாம்ஸ்டெட் பகுதியில், ஃப்ராக்னல் தெரு 108ஆம் எண் வீட்டுச் சுவரில் நீல நிறத்தில் வட்டமான ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. தமாரா கர்சாவினா, 1885–1978, பாலே நர்த்தகி, இங்கு வசித்தார். இவ்வளவுதான் வாசகம். நான் பார்த்தது புகைப்படத்தில். பார்த்ததிலிருந்து ஓர் உறுத்தல். ஆசிரியை என்ற சொல் அதில் இல்லை.

1910இல் பாரீஸில் ஃபோகின் அமைத்த 'தீப்பறவை'யில் முதன்முதலாக அந்தப் பறவையாக ஆடியவர் கர்சாவினா. 1918இல் ரஷ்யாவை விட்டு வெளியேறினார். 1954இல் அதே பாத்திரத்தை மார்கோ ஃபான்டெய்னுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1960இல் அஷ்டன் 'லா ஃபீய் மால் கார்தே'யைப் புதிதாக அமைத்தபோது, பீட்டர்ஸ்பர்க் மேடையில் தாம் செய்த ஓர் அபிநயப் பகுதியை அவருக்குக் கற்றுத் தந்தார். தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு பெண் தன் கல்யாணத்தையும், பிறக்கப்போகும் குழந்தைகளையும் கைகளால் கற்பனை செய்கிறாள். காதலன் கதிர்க்கட்டுகளுக்குள் ஒளிந்திருந்து பார்க்கிறான். இன்றும் அந்தப் பகுதி ஆடப்படுகிறது. பார்க்கிறவன் காண்பது வேறொருத்தியின் கைகளை.

ஆசிரியர் தம்மை அழித்துக்கொண்டுதான் எதையும் கொடுக்க முடிகிறது என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். சிஷ்யையின் கையசைவில் கர்சாவினாவின் சாயல் துருத்திக்கொண்டு நின்றால் அது போதனையின் தோல்வி. அப்படியானால் பெயர் எதற்கு, பலகை எதற்கு? சுவரில் பெயர் எழுதுவது கடன் தீர்ந்துவிட்டதாக நாம் வாங்கிக்கொள்ளும் ரசீது மட்டுமே. அச்சில் பெயர் பார்க்கும் சபலம் விடாத என் போன்றவனுக்கு இப்படி எழுதுவது சுலபம் என்பதும் தெரியும்.

இந்த நம்பிக்கையைக் குலைத்தது அவருடைய அண்ணனின் கதை. லேவ் கர்சாவின் தத்துவவாதி. 1922இல் சோவியத் அரசால் நாடு கடத்தப்பட்டவர். பிறகு லிதுவேனியாவில் கைதாகி, வடக்கே அபெஸ் முகாமில் 1952இல் காசநோயால் இறந்தார். அங்கே புதைகுழிக்குப் பெயர் கிடையாது, எண்தான். முகாமில் அவரிடம் பாடம் கேட்ட வனேயெவ் என்ற சக கைதி, இறந்தவர் யார் என்று ஒரு தாளில் எழுதினார். முகாம் மருத்துவர் அதை ஒரு குப்பியில் அடைத்து, பிரேதப் பரிசோதனையின்போது உடலுக்குள்ளேயே வைத்துவிட்டார். என்றாவது யாராவது தோண்டினால் தெரியட்டும் என்று. வனேயெவின் நினைவுக் குறிப்புகளிலிருந்துதான் இது வெளியே வந்தது.

யாரும் படிக்க முடியாத இடத்தில் எழுதப்பட்ட வாசகம். அதில் புகழுக்கு இடமே இல்லை. என்றாலும் அந்த மாணவனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆசிரியர் தம் பெயரை அழித்துக்கொள்ளலாம். அழிந்து போகட்டும் என்று விடும் உரிமை மாணவனுக்கு இல்லை போலும். இரண்டும் வேறு வேறு காரியங்கள். நான் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஃப்ராக்னல் பலகையை 1987இல் பதித்தது ஒரு நிறுவனம். அதற்கு வீட்டு முகவரி தெரியும், வசித்தார் என்று ருசுப்பிக்க முடியும். அந்த அபிநயத்தில் விரல் எங்கே மடங்க வேண்டும் என்பது அதற்குத் தெரிய நியாயமில்லை. அது தெரிந்தவர்கள் அன்று லண்டனிலேயே இருந்தார்கள்.