பெயர் வராத தோழிகள்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் நடப்பவர்களில் பலர், அடி அண்ணாமலையில் உள்ள மாணிக்கவாசகர் கோயிலை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. அவர் திருவெம்பாவையைப் பாடியது இவ்வூரில்தான் என்பது மரபு. மார்கழி விடியலில் ஒருத்தியை ஒருத்தி எழுப்பி நீராடப் போன பெண்களே அதற்குத் தூண்டுதலாம். அவர்களில் ஒருத்தியின் பெயர்கூட நம்மிடம் இல்லை. இது வெறும் கதை, கல்வெட்டு உண்டா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஊர் எது என்பதை மரபுக்கே விட்டுவிடுவோம். ஆனால் அந்த 20 பாடல்களில் வாசலில் நிற்பவர்களின் கேலியும், படுக்கையை விட்டு எழாதவளின் எதிர்ப்பேச்சும் ஏட்டில் கற்றவையாகத் தெரியவில்லை, காதால் கேட்டவை. இப்படி நீராடும் பாவை நோன்பின் சாயல் சங்க நூலான பரிபாடலிலேயே இருக்கிறதே என்றால், அந்த வழக்கத்தை அத்தனை நூற்றாண்டு அறுந்துபோகாமல் காத்தவர்களும் இத்தகைய பெண்கள்தாமே? புலவருக்குக் கோயில் எழுப்பினோம், சரி. பெயரில்லாத அந்தப் பெண்களின் குரல்களோ கடலும் தாண்டின: தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் நடத்தும் விழாவுக்குப் பெயரே ‘திரியம்பாவை’. அதையொட்டி பாங்காக்கில் நடந்த ராட்சத ஊஞ்சலாட்டம் 1935-இல் நின்றுபோனது. செந்நிறத் தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன.