பொழுதுபோக்கா, தவமா?

சங்கீத வித்வான்களைப் பாத்திரங்களாக்கி, வாரம் ஒரு சித்திரக் கதை வரைந்து கணினித் திரையில் வெளியிடுகிறவர்கள் உண்டு. வருஷக் கணக்கில் வரைகிறார்கள். காலணா வரும்படி இல்லை. "இதில் என்ன லாபம்?" என்று எங்கள் சேலத்துக்காரர்கள் கேட்பார்கள். தறியும் நூலும் அறிந்த ஊர். கூலியில்லாத உழைப்பை அளக்க அதனிடம் முழக்கோல் இல்லை.

காகிதத்தில் நாதம் கேட்காதுதான். ஆனாலும் 1950-களில் ஆனந்த விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' தொடராக வந்தபோது, கொத்தமங்கலம் சுப்புவின் நாகஸ்வரக்காரரை வாசகர்கள் கோபுலுவின் கோடுகளில் கண்டார்கள். அது சம்பளத்துக்குச் செய்த வேலை என்பீர்கள். மெய்தான். பின்னாளில் வலக்கை செயலிழந்தபோது, அவர் இடக்கையால் வரையப் பழகினாரே, அதையும் சம்பளமா பழக்கியது?

எங்கள் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளைக்குப் படம் வரைவது பிழைப்பாக இருந்தது. பாட்டு, மனசு கேட்டதற்காக. 1949-ல் அவரை அரசவைக் கவிஞராக்கியது அந்தப் பாட்டுத்தான்.

அதற்காக, பொழுதுபோக்கெல்லாம் ஒருநாள் புகழாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆகாமலும் போகலாம். யாரும் கேட்காத வேலையை நிறுத்தினால் ஏனென்று கேட்பாரும் இல்லை. அப்படியிருந்தும் அடுத்த வாரம் பேனாவை எடுக்கிறான் அல்லவா? தனக்கு எது பிரியம் என்பதை மனிதன் தனக்கே மெய்ப்பித்துக்கொள்ளும் இடம் அதுதான்.

விடியற்காலையில், கேட்க ஓர் ஆளும் இல்லாமல் சாதகம் செய்கிறாரே வித்வான், அவரை வரையும் யோக்கியதை அவனுக்கு வந்ததும் அதனால்தான்.