இறங்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை

நெருக்கமான குடியிருப்பு ஒன்றில் மலக்குழி நிறைந்து வழிகிறது. சந்து குறுகல், செப்டிக் டேங்க் லாரியின் குழாய் எட்டாது. வாடகைக்கு இருப்பவர் அன்றாடக் கூலிக்காரர். சில நூறு ரூபாய்க்கு வாளியும் கயிறுமாக ஓர் ஆள் வரத் தயார். அவரைக் கூப்பிடுவது தவறா?

தவறில்லை என்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வேலை கேட்டு வருபவர் அவரே. அந்தக் கூலி இல்லையென்றால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. வழியும் குழியை அப்படியே விட்டால் தெருப் பிள்ளைகளுக்கு வாந்திபேதி வரும். தடை போடுவது சுலபம், அதன் விலையைக் கொடுப்பவர்கள் ஏழைகள் அல்லவா?

இன்று தூய்மைக்குப் பேர்போன, நார்வே நாட்டின் ஓஸ்லோவும் இதே கேள்வியின் வழியாக வந்த நகரம்தான். 1925-க்கு முன் கிறிஸ்தியானியா என்று பெயர் கொண்டிருந்த அந்த ஊரில், வீடுகளின் பின்முற்றத்துக் கழிப்பறைகளில் இரவில் மலம் அள்ளியவர்களை ‘நத்மன்’ என்று அழைத்தார்கள். செத்த விலங்குகளை அகற்றுவதும் மரண தண்டனை நிறைவேற்றுபவருக்கு உதவுவதும் அவர்கள் தலையிலேயே விழுந்தன. தொட்டாலே மானம் போகும் என்று ஊர் அவர்களை ஒதுக்கியது. சாதி இல்லாத நாட்டிலும் மலம் அள்ளுபவருக்கென்று ஒரு தீண்டாமை முளைத்திருக்கிறது.

1853-இல் அந்நகரில் காலரா ஏறத்தாழ 1,600 பேரைக் கொன்றது. 1860-இல் வந்த சுகாதாரச் சட்டம் ஒவ்வொரு நகராட்சியிலும் ஒரு சுகாதாரக் குழுவை வைத்தது. வீட்டுக்காரரின் குழி அப்போதுதான் ஊரின் பொறுப்பாக மாறத் தொடங்கியது. மாற்றம் மெல்லத்தான் வந்தது. நகரின் கிழக்கே, தொழிலாளர் குடியிருப்புகளில், முற்றத்துக் கழிப்பறைகள் 20-ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் நீடித்தன.

1977-இல் வந்த நார்வேயின் பணிச்சூழல் சட்டம் இவற்றைவிட முக்கியமானது. உயிருக்கு ஆபத்து என்று கண்டால் தொழிலாளி வேலையை நிறுத்த வேண்டும் என்றது அது. தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பாதுகாப்புப் பிரதிநிதிக்கு அந்த வேலையையே நிறுத்தும் அதிகாரம் உண்டு. அதனால் நேரும் நட்டத்தை அவரிடம் கேட்க முடியாது. மறுத்தாலும் சோறு கிடைக்கும் என்ற நிலை இருந்தால்தான் ஒருவர் சொல்லும் ‘சரி’க்குச் சம்மதம் என்று பெயர். குழியில் இறங்குபவரின் சம்மதத்தைக் காட்டி நியாயம் பேசும் வாதம் இந்த இடத்தில்தான் உடைகிறது.

வேலை இழிவானது என்பதும் பொய். நார்வேயில் தண்ணீர்க் குழாய் இல்லாத மலைக்குடில்கள் பல. அங்கே கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்வது பெரும்பாலும் குடிலின் சொந்தக்காரரேதான். அதனால் அவரை யாரும் ஒதுக்குவதில்லை. தமிழ்நாட்டில் இதே வேலை பெரிதும் அருந்ததியர் மேலும் பிற தலித் மக்கள் மேலும் பிறப்பின் பெயரால் சுமத்தப்பட்டது. நாற்றம் கழுவினால் போய்விடும். பிறப்போடு கட்டிவிட்ட இழிவுக்கு அப்படிப் போக வழியில்லை.

குழிக்குள் காத்திருப்பது நாற்றம் மட்டுமல்ல. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது. முதலில் இறங்கியவர் சாய்ந்ததும் காப்பாற்றக் குதிப்பவரும் சாய்கிறார். ‘விஷவாயு தாக்கி இருவர் பலி’ என்ற செய்தியில் அந்த இரண்டாமவர் பல சமயம் தம்பியோ மகனோ.

இந்தியாவில், கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டின் சட்டம் மலக்குழியில் ஆளை ஆபத்தாக இறக்குவதையும் தடுக்கிறது. ஒப்பந்தக்காரரோடு வீட்டுக்காரரும் அந்தத் தடைக்குள் வருகிறார். ஆனால் பாதுகாப்புக் கருவி கொடுத்துவிட்டால் அது ஆபத்தான துப்புரவு ஆகாது என்று ஓர் ஓட்டையும் அதில் இருக்கிறது. பாதாளச் சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இறந்த பிறகு கிடைக்கும் நீதி அது.

ஆக, முதல் குற்றவாளி அந்தச் சந்துக் குடித்தனக்காரர் அல்லர். லாரி நுழையாத இடத்தில் மக்களைக் குடியேறவிட்டு, வரியும் வாங்கி, குழியை அவர்கள் பாடு என்று விட்ட நகராட்சியே முதல் குற்றவாளி. குறுகிய சந்துக்கு ஏற்ற சிறு உறிஞ்சு வண்டியும் நீண்ட குழாயும் வாங்குவது எந்த மாநகராட்சிக்கும் முடியாத செலவு அல்ல. அந்த வண்டிகளை ஓட்டும் நிரந்தர வேலையை, இதுவரை குழியில் இறங்கியவர்களுக்கே முதலில் கொடுக்க வேண்டும். ‘இறங்க மாட்டேன்’ என்று சொல்பவரின் அன்றைய கூலி குறையாது என்ற ஒரு வரியையும் 2013 சட்டத்தில் சேர்க்க வேண்டும்.