சாய்ந்த சுவரும் தக்தீரும்



வேலூர் வெயிலில் வாடிக் கிடக்கும் நமக்குக் கோடை மழை அல்லாஹ்வின் ரஹ்மத். ஆனால் அது சூறைக்காற்றோடும் இடி மின்னலோடும் வருகிறது. மேகம் திரண்டால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆது கூட்டத்தார் மேகத்தைக் கண்டு மழை என்று மகிழ்ந்தார்கள், வந்தது வேதனை. அந்த அச்சம்தான் காரணம்.

கடும் மழைக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. மழை பெய்த ஒரு ஜும்ஆ நாளில், வீடுகளிலேயே தொழுதுகொள்ளும்படி பாங்கில் அறிவிக்கச் சொன்னார்கள் இப்னு அப்பாஸ் (ரலி). மக்கள் சகதியில் சிரமப்படக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். புகாரியில் இது பதிவாகியுள்ளது.

வீட்டில் இருங்கள் என்பது சலுகை. ஆனால் அந்த வீடே அச்சம் தந்தால்?

2021 நவம்பர் 19, வெள்ளிக்கிழமை காலை. நம் பக்கத்து ஊரான பேரணாம்பட்டில் கனமழையில் வீடு இடிந்து 9 பேர் மௌத்தானார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள். யாரையும் குற்றம் சொல்ல இதை நினைவூட்டவில்லை. அது பருவமழைக் காலம். கோடை மழை சற்று நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆனால் பழைய சுவர் விழ அந்தச் சற்று நேரக் காற்றே போதும்.

இப்படி நடந்தால், "எல்லாம் தக்தீர்" என்கிறோம். உண்மைதான். மௌத்தின் நேரம் அல்லாஹ் எழுதியது. இடிபாட்டில் இறந்தவர் ஷஹீத் என்பதும் ஹதீஸ். ஆனால் இறந்தவருக்குக் கிடைக்கும் அந்தஸ்து வேறு. சுவரின் சொந்தக்காரருக்குள்ள பொறுப்பு வேறு. முதலாவதைச் சொல்லி இரண்டாவதிலிருந்து தப்ப முடியாது.

சூரா கஹ்ஃபைப் பாருங்கள். தமக்கு உணவு தர மறுத்த ஊரில், விழப்போகும் சுவர் ஒன்றை ஹிள்ர் (அலை) கூலி வாங்காமல் நிமிர்த்தினார்கள். அது இரண்டு யத்தீம்களின் சுவர். அல்லாஹ் ஞானம் கொடுத்த அந்த அடியார், விழுவது விதி என்று கடந்து போகவில்லை.

நம் ஹனஃபி மத்ஹபின் ஹிதாயா கிதாபில் சாய்ந்த சுவரைப் பற்றித் தனிப் பாடமே உண்டு. சாய்ந்திருப்பதை அறிவித்து, இடித்துவிடும்படி கேட்டும், அவகாசம் இருந்தும் உரிமையாளர் விட்டுவைத்தால், சேதத்திற்குப் பொறுப்பு வரும். வாடகைக்கு இருப்பவரிடம் சொல்வது அறிவிப்பாகாது. இடிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லையே!

அன்பானவர்களே! தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் உழைக்கும் எத்தனையோ குடும்பங்கள் வாடகை வீட்டில் இருக்கின்றன. மாதம் தவறாமல் வாடகை வாங்குபவர், அடுத்த மழைக்கு முன் ஒருமுறை போய்ச் சுவரையும் கூரை ஷீட்டையும் ஒயரிங்கையும் பாருங்கள். குடியிருப்பவர் விரிசலைக் காட்டினால், "இஷ்டம்னா இரு, இல்லாட்டி காலி பண்ணு" என்று சொல்லாதீர்கள். அவர் சொல்வது அறிவிப்பு. நாளை மறுமையில் அதுவே சாட்சி.

உறுதியான வீடு உள்ளவர்களே! காற்று வீசும் இரவில் பக்கத்து வீட்டாரை, எந்த மதத்தவராயினும், நீங்களே போய் அழையுங்கள். வெட்கத்தால் அவர்கள் கேட்கமாட்டார்கள்.

யா அல்லாஹ்! இந்த மழையைப் பயனுள்ள மழையாக ஆக்குவாயாக. எங்கள் கூரைகளின் கீழ் உறங்குவோரின் ஹக்கை நிறைவேற்ற எங்களுக்குத் தவ்ஃபீக் செய்வாயாக. ஆமீன்.